மூன்று பந்திக்கு நான்கு வீடு

அத்தியாயம் 6

தேனி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் யுவராணி துப்பறியும் நிலையத்துக்குப் படியேறி வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர், மாப்பிள்ளை குடிப்பானா மாட்டானா என்று விசாரிக்கச் சொல்வார்கள். இரண்டு பேர் ஜெராக்ஸ் எடுக்க வந்து வழி தவறியவர்கள். மிச்சம் ஒருவர்தான் கேஸ். வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்த பெண் ஒரு கையில் லேப்டாப் பையும் மறு கையில் நீள நோட்டும் வைத்திருந்தாள். அவள் எந்த வகை என்று அருண்பாண்டியால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

"மாப்பிள்ளை பேரு?" என்று பேனாவைத் திறந்தான்.

"மாப்பிள்ளை இல்லைங்க. பந்தி."

அருண்பாண்டி பேனாவை மூடினான். அவனுக்கு இருபத்தொன்பது வயது. நிலையத்தின் உதவியாளன், டிரைவர், டீ வாங்குகிறவன் எல்லாம் அவனே. வாய் மட்டும் தேவைக்கு மேல் ஒரு பிடி நீளம். "ஊறுகாய் வைக்க மறந்துட்டாகளா?" என்றான்.

"அருண்" என்றார் யுவராணி. அவ்வளவுதான். அவன் வாயும் மூடிக்கொண்டது.

யுவராணி பதினெட்டு வருஷம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திவிட்டு, 'பசங்களைவிடத் திருடன் பரவாயில்லை, கேட்டதற்குப் பதிலாவது சொல்வான்' என்று வெளியே வந்தவர். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் தேனி மாவட்டத்தில் கிடையாது. கோபப்பட்டுப் பார்த்தவர்களும் கிடையாது.

வந்தவள் பெயர் ஓவியா. சின்னமனூருக்குப் பக்கத்து ஊர். வீட்டிலிருந்தபடியே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. கிடா வெட்டி விருந்து. அழைத்திருப்பது அறுபத்து நான்கு வீடு. மண்டபத்தை மூன்று மணிக்கு அடுத்த விசேஷக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதால் பந்தி மூன்றுதான், நாலாவதுக்கு வழியில்லை.

"இதுல கேஸ் எங்கன இருக்கு?" என்றான் அருண்பாண்டி. வாயை மூடி ஒரு நிமிஷம் ஆகியிருந்தது. அவனுக்கு அது நீண்ட நேரம்.

"எங்க ஊருல பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு வீட்டை ஒரே பந்தியில உக்கார வைக்க முடியாதுங்க."

அது அவனுக்கும் தெரியும். பகையாளியாக இருந்தாலும் விசேஷத்துக்கு வந்துவிடுவார்கள், அது விசேஷ வீட்டுக்குச் செய்கிற மரியாதை. ஆனால் ஒரே பந்தியில் இலைக்கு உட்கார்ந்தால் ராசியாகிவிட்டதாக அர்த்தம். போன பங்குனியில் ஒரு கல்யாணத்தில் அப்படி உட்கார வைத்துத்தான் ரச வாளி பறந்தது. வாளி யார் மேலும் படவில்லை, ரசம் எல்லார் மேலும் பட்டது. அந்த ஈரம் காய்வதற்குள் ஓவியாவின் அப்பா சுருளிராஜன் ஊர் நடுவில் நின்று, 'எங்க வீட்டு விசேஷத்துல இப்படி நடக்காது, என் மக கம்ப்யூட்டர்ல போட்டுருவா' என்று சொல்லிவிட்டார்.

"போட்டியா?" என்றார் யுவராணி.

"மூணு நாளா ஓடுது மேடம். நிக்கவே இல்ல." ஓவியா லேப்டாப்பைத் திறந்தாள். உள்ளே விசிறி நெல் அரைக்கிற சத்தம் போட்டது. "அறுபத்து நாலு வீட்டுக்கும் நேர்ல போயி, யாரோட பேச்சில்ல, ஏன், எப்பருந்துன்னு நோட்டுல எழுதி வாங்கிட்டு வந்தேன். அதை அப்படியே ஏத்திட்டேன். எல்லா வழியையும் ஒண்ணு ஒண்ணாப் போட்டுப் பாக்கச் சொல்லியிருக்கேன்."

யுவராணி மேஜைக் காலண்டரைத் திருப்பி அதன் பின்னால் பென்சிலால் ஏதோ பெருக்கினார். "ஒரு வீட்டுக்கு மூணு பந்தி. ரெண்டு வீட்டுக்கு ஒன்பது வழி. மூணு வீட்டுக்கு இருபத்தேழு. அறுபத்து நாலு வீட்டுக்கு, மூணுக்குப் பின்னால முப்பது சைபர். உன் மெஷின் ஒரு செகண்டுக்கு நூறு கோடி வழி பாத்தாலும், முடிக்க நூறு லட்சம் கோடி வருஷம் ஆகும்."

"அதுக்குள்ள பிள்ளைக்குக் காது குத்துன ஓட்டையே தூந்துபோயிரும்" என்றான் அருண்பாண்டி.

ஓவியா சிரிக்கவில்லை. அவள் கண் சிவந்திருந்தது, அழுததாலா தூங்காததாலா என்று பிரிக்க முடியவில்லை. "அப்பா இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காக. முடியலைன்னா லிஸ்ட்லருந்து ஒரு வீட்டை அடிச்சுருவேன்னு சொல்லிட்டாக."

"எந்த வீட்டை?"

"எங்க அத்தை வீட்டை. அப்பாவோட கூடப் பிறந்தவுக, இருளம்மா அத்தை. மத்தவனை அடிச்சா மூணு தலைமுறைக்குப் பகை வரும், என் தங்கச்சின்னா பொறுத்துக்குவான்னு சொல்றாக." அவள் நோட்டின் ஓரத்தைக் கசக்கினாள். "எனக்கு ஏழு வயசுல அம்மா செத்துப்போச்சு மேடம். ஸ்கூலுக்குத் தலை சீவி விட்டது அத்தைதான். காலேஜ் முடியிற வரைக்கும் எனக்கு ரெண்டு ஜடை போட்டாக. எங்க வீட்டுக் காதுகுத்துக்கு நீ வராதேன்னு நான் எழுதுன புரோகிராமை வச்சு அவுககிட்ட அப்பா சொல்லப் போறாக."

அருண்பாண்டிக்கு ஒரு ஜோக் தயாராக இருந்தது. அதை அவன் விழுங்கிக்கொண்டான். இளகினவனைக் கண்டால் ஏறி மிதிப்பது ஊர் வழக்கம்தான், ஆனாலும் பார்த்திராத அந்த அத்தைக்காக அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"வீடுகளை எந்த வரிசையில உக்கார வைக்குது உன் புரோகிராம்?" என்றார் யுவராணி.

"அகர வரிசையில."

"அட்டெண்டன்ஸ் எடுக்கவா போறே? அதை நிறுத்து, பாவம், மூச்சு வாங்குது. அருண், அந்த விசிட்டிங் கார்டைக் கொண்டா."

நிலையத்துக்கு ஐந்நூறு விசிட்டிங் கார்டு அச்சடித்து மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை செலவானது பதினொன்று. அறுபத்து நான்கு கார்டின் பின்பக்கம் ஓவியா வீட்டுப் பெயர்களை எழுத, அருண்பாண்டி நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயருக்கும் கீழே பகை வீடுகளை எழுதினான். பாதியிலேயே அவனுக்குக் கை வலித்தது, முடித்தபோது மணி மூன்று. ஊர் சின்னதுதான், மனசும் அதற்குத் தகுந்தபடி இருந்தது.

"இந்த மாதிரிக் கணக்கு எது வந்தாலும் சட்டுனு முடிக்கிற ஒரே குறுக்குவழி இன்னி வரைக்கும் உலகத்துல யாருக்கும் தெரியாது" என்றார் யுவராணி, கார்டுகளைப் பரப்பிக்கொண்டே. "அப்படி ஒரு வழி இல்லவே இல்லைன்னு நிரூபிச்சவனும் கிடையாது. யாராச்சும் ஒரு பந்திப் பட்டியலைக் கொண்டாந்து நீட்டினா, சரியா தப்பான்னு பாக்க அஞ்சு நிமிஷம் போதும். கண்டுபிடிக்கத்தான் ஆயுசு பத்தாது. ஆனா நீ உலகத்துல இருக்கிற எல்லா ஊருக்கும் பந்தி போட வேண்டாம். ஒரே ஒரு ஊருக்குப் போட்டாப் போதும். அதனால முதல்ல ஊரைப் பாரு. ரெண்டு வீட்டுக்கு மேல பகை இல்லாதவன் யாரு?"

"நெறைய பேரு இருக்காக."

"அவங்க கார்டை எல்லாம் எடுத்து ஓரமா வை."

"ஏன் மேடம்?"

"அவனைக் கடைசியா உக்கார வைக்கலாம். அவனோட பகையாளி ரெண்டு பேரும் எந்தப் பந்தியில இருந்தாலும், மூணுல ஒண்ணு அவனுக்குக் காலியா இருக்கும். அவனைப் பத்தி இப்பவே எதுக்குக் கவலைப்படணும்?"

ஓவியா கார்டுகளைப் பொறுக்கினாள். நாற்பத்தொன்று ஓரத்துக்குப் போயின. மேஜையில் இருபத்து மூன்று மிஞ்சின. "போனவங்களை மத்தவங்க பட்டியல்ல அடி" என்றார் யுவராணி. அடித்தபோது, ஐந்து பகை இருந்தவனுக்கு இரண்டாகக் குறைந்திருந்தது, நான்கு இருந்தவளுக்கு ஒன்றாகியிருந்தது. அவர்களும் ஓரத்துக்குப் போனார்கள். மேஜையில் ஒன்பது. அடுத்த சுற்றில் ஐந்து போயின. அதற்கு மேல் ஒரு கார்டும் நகரவில்லை.

நான்கு கார்டு மிச்சம். எழுதி முடித்ததும் அருண்பாண்டி வாங்கி வைத்த டீ அப்போதுதான் குடிக்கிற சூட்டுக்கு வந்திருந்தது. நூறு லட்சம் கோடி வருஷ வேலை.

யுவராணி நான்கையும் வாசித்தார். "பம்புசெட் வீடு. ரைஸ்மில் வீடு. வாத்தியார் வீடு. மச்சு வீடு."

"வாத்தியார் வீடுதான் அத்தை வீடு" என்றாள் ஓவியா. குரல் இறங்கிவிட்டது. "மாமா வாத்தியாரா இருந்தாக."

"நாலு பேருக்கும் மத்த மூணு பேரோடயும் பேச்சில்லை. மூணு பந்தி, நாலு வீடு. உன் புரோகிராம் இன்னும் எத்தனை யுகம் ஓடினாலும் விடை வராது. ஏன்னா விடையே கிடையாது. அதைத் தெரிஞ்சுக்க இந்த நாலு கார்டு போதும்."

"அப்ப அப்பா சொன்னது சரிதானா? ஒரு வீட்டை அடிச்சுத்தான் ஆகணுமா?" என்றாள் ஓவியா. "மச்சு வீட்டை அடிக்க முடியாது மேடம், பிள்ளையோட தாய்மாமன் வீடு. மாமன் மடியில வச்சுத்தான் காதே குத்தணும். மத்த ரெண்டு வீட்டையும் அப்பா பகைச்சுக்க மாட்டாக."

"ஓரமாத் தனி இலை?" என்றான் அருண்பாண்டி.

"அதுக்கு அடிச்சே விட்டுரலாம். தனி இலை போட்டா அதுலருந்து புதுசா நாலு பகை வரும்."

யுவராணி நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். "வீட்டை ஏன் அடிக்கணும்? நாலு வீட்டுக்கு நடுவுல ஆறு பகை இருக்கு. ஆறுல ஒண்ணு பொய்யா இருந்தாப் போதும், அந்த ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காரலாம். எல்லாம் தீந்துரும். கணக்கு முடிஞ்சுது அருண். இப்பத்தான் நம்ம தொழில் ஆரம்பிக்குது. படி."

அருண்பாண்டி வாசித்தான். பம்புசெட் வீட்டுக்கும் வாத்தியார் வீட்டுக்கும்: பம்புசெட் ஒச்சாண்டி எழுதிக் கொடுத்தது, 'எங்களைக் கல்யாண வீடியோவில் ஒரு இடத்தில்கூடக் காட்டவில்லை.' வாத்தியார் வீட்டு இருளம்மாள் சொன்னது, 'அவர்கள் எருமை என் முருங்கையை முறித்தது.' ரைஸ்மில் வீட்டுக்கும் மச்சு வீட்டுக்கும்: ஒருவர் 2011-இல் நாய் என்கிறார், மற்றவர் 2017-இல் மைக் செட் என்கிறார். வாத்தியார் வீட்டுக்கும் மச்சு வீட்டுக்கும் ஒரு சடங்கு வீட்டில் தகராறு. இருளம்மாள் சொல்வது, 'என் சீர்த்தட்டைக் கடைசி வரிசையில் வைத்தார்கள்.' மச்சு வீட்டு பாண்டீஸ்வரி சொல்வது, 'தட்டை அவள் தன் கையால் தூக்கி வரவில்லை, ஆளிடம் கொடுத்துவிட்டாள்.' இன்னும் இரண்டும் இதே லட்சணம்தான்.

"கடைசி. பம்புசெட்டுக்கும் ரைஸ்மில்லுக்கும். ஒச்சாண்டி: '2013 ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, தூறல். வரப்பில் நின்ற தென்னை. தப்பு இரண்டு பக்கமும் உண்டு.' ரைஸ்மில் தவசி: '2013 ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, தூறல். வரப்பில் நின்ற தென்னை. தப்பு இரண்டு பக்கமும் உண்டு.'" அவன் நிமிர்ந்தான். "இது ஒண்ணுதான் மேடம் ஒழுங்கான பகை. தேதி, கிழமை, வானிலை எல்லாம் இருக்கு. இதைப் பொய்யின்னு சொல்லவே முடியாது."

"அதுலயும் இவுக ரெண்டு பேரும் கோயில்ல சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணவுக" என்றாள் ஓவியா. "சாகுற வரைக்கும் பேச மாட்டோம்னு. ஊரே பாத்திருக்கு."

யுவராணி எழுந்து கைப்பையை மாட்டினார். "வண்டியை எடு. ஓவியா, அந்த ரெண்டு பேருக்கும் சர்க்கரை இருக்கா?"

"ரெண்டு பேருக்கும் இருக்கு. எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஐம்பது தாண்டின ரெண்டு பேரு வீட்டுக்குத் தெரியாம தினமும் சந்திக்கணும்னா வேற என்ன சாக்கு இருக்கு? வாக்கிங் எங்க போவாங்க?"

"வாய்க்கால் கரையில. நாலரை மணிக்கு. ஆனா ஒருத்தர் மேக்க இருந்து வருவாக, ஒருத்தர் கிழக்க இருந்து வருவாக. மூஞ்சியக்கூடப் பாத்துக்க மாட்டாக."

"மேக்க இருந்து ஒருத்தர், கிழக்க இருந்து ஒருத்தர். நடுவுல எங்கேயோ ஓரிடத்துல ரெண்டு பேரும் இருந்துதானே ஆகணும்" என்றார் யுவராணி.

ஓவியா முன்னால் ஸ்கூட்டியில் போனாள். வீரபாண்டி தாண்டும் வரை அருண்பாண்டி பொறுத்துப் பார்த்தான். பின் சீட்டில் இருந்தவர் தானாக எதுவும் சொல்கிறதாகத் தெரியவில்லை. வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "மேடம், நான் தோத்துட்டேன். சொல்லிருங்க."

"நீயும் உங்க அண்ணனும் கடைசியா எதுக்குச் சண்டை போட்டீங்க?"

"சார்ஜர். அவன்தான் என் சார்ஜரை எடுத்தான்."

"உங்க அண்ணனைக் கேட்டா என்ன சொல்வாரு?"

"ஹெல்மெட்டும்பான். பொய்."

"நிஜமாச் சண்டை போட்ட ரெண்டு பேரு ஒரே கதையைச் சொல்லவே மாட்டாங்க, அருண். அவனவனுக்கு அவனவன் ஞாயம். அஞ்சு பகையில வருஷம்கூட ஒத்துப் போகலை. ஆறாவதுல தூறல்கூட ஒத்துப் போகுது. அப்படின்னா ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருக்காங்க. பேசி, யாரு கேட்டாலும் என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. 'தப்பு ரெண்டு பக்கமும் உண்டு'ன்னு எந்தப் பகையாளி எழுதிக் குடுப்பான்?"

அருண்பாண்டி ஆக்ஸிலரேட்டரைத் திருகினான். தான் எடுத்தது அண்ணனுடைய ஹெல்மெட்தான் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

நாலு இருபத்தைந்துக்கு மூன்று பேரும் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டத்துக்குள் நின்றார்கள். ஓவியா நிமிஷத்துக்கு ஒரு தடவை செல்போனைப் பார்த்தாள். அஞ்சு மணிக்கு அப்பா அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். வெற்றிலைத் தட்டைக்கூட எடுத்து வெளியே வைத்தாகிவிட்டது. வராதே என்று சொல்லப் போவதற்கும் அவருக்கு வெற்றிலைத் தட்டு வேண்டியிருந்தது.

மேற்கிலிருந்து தவசி கையை வீசி நடந்து வந்தார். கிழக்கிலிருந்து ஒச்சாண்டி ஒரு மஞ்சப்பையோடு வந்தார். மதகருகே இருவரும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளாமல் கடந்தார்கள். பத்தடி போனதும் இருவரும் நின்று, கரையில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு திரும்பி வந்து மதகுச் சுவரில் உட்கார்ந்தார்கள். மஞ்சப்பையிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வெளியே வந்தது.

"ஏலே, சட்னி எங்கலே?" என்றார் தவசி.

"ஒழுகுதுன்னு விட்டுட்டு வந்தேன். தின்னு, போதும்."

யுவராணி வாழை இலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "வணக்கம். ரெண்டு பேருக்கும் சர்க்கரை எவ்வளவு இருக்கு?"

ஒச்சாண்டி பஜ்ஜியைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தார். தவசி வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். பின்னால் ஓவியாவைப் பார்த்ததும் இருவருக்கும் முகம் செத்துவிட்டது.

"ஆத்தா ஓவியா, உங்கப்பன்கிட்ட சொல்லிராத" என்றார் ஒச்சாண்டி. "நாங்க பேச ஆரம்பிச்சு எட்டு மாசமாச்சு. ரெண்டு பேருக்கும் டாக்டரு நடக்கச் சொன்னாக. ஊருல நடக்கிறதுக்கு இந்தக் கரையை விட்டா வேற எங்கன இருக்கு? முதல் மூணு மாசம் முறைச்சுக்கிட்டேதான் நடந்தோம்."

"யாரு முதல்ல பேசினது?" என்றான் அருண்பாண்டி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாய்" என்றார் தவசி. "வெறிநாய் ஒண்ணு தொரத்துச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல 'ஓடுலே'ன்னு கத்திட்டோம். அதுக்கப்புறம் எப்படிப் பேசாம இருக்கிறது?"

"அதை ஊருல சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிய்யா சொல்றது?" என்றார் ஒச்சாண்டி. "சூடம் அணைச்சிருக்கோம். எவன் முதல்ல இறங்கி வந்தான்னுதான் ஊரு கேக்கும். நாயின்னு சொன்னா நம்புவாகளா? இவன் இறங்கினான்னு சொன்னா இவன் பங்காளிக விட மாட்டாக. நான் இறங்கினேன்னு சொன்னா என் மகனே மதிக்க மாட்டான். அதான் இப்படித் திருட்டு பஜ்ஜி தின்னுக்கிட்டுக் கிடக்கோம்."

மணி நாலு நாற்பது.

"ரெண்டு பேரும் யாருகிட்டயும் எதுவும் சொல்ல வேணாம்" என்றார் யுவராணி. "ஞாயித்துக்கிழமை இலை போட்டு உக்காந்துட்டா, எந்திரிச்சுப் போறது விசேஷ வீட்டுக்கு அவமரியாதைதானே?"

"அது எப்படி எந்திரிப்போம்?" என்றார் தவசி. "போட்ட இலையை விட்டு எந்திரிக்கிற பழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாது."

"அப்ப சரி. ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர் தப்பு பண்ணும். ரெண்டு பேருக்கும் ஒரே பந்தி, பக்கத்துப் பக்கத்து இலை. உக்காந்த பிறகுதான் எல்லாருக்கும் தெரியும். விசேஷ வீட்டு மரியாதைக்காக ரெண்டு பேரும் சாப்பிட்டு முடிப்பீங்க. யாரும் இறங்கி வரலை. தப்பு மெஷின் மேல."

நான்கு பேரும் ஓவியாவைப் பார்த்தார்கள்.

மெஷின் மேல என்றால் யார் மேல என்பது அவளுக்குப் புரிந்தது. ஊரில் முதல் பெண்ணாகக் கம்ப்யூட்டர் படித்தவள். மூன்று நாள் தூங்காமல் உட்கார்ந்து, கடைசியில் சரியான விடை கையில் இருக்கிறது. அதைத் தப்பு என்று இருநூறு பேர் நடுவில் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். இனி ஒவ்வொரு விசேஷத்திலும், 'இங்கன வா ஆத்தா, உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?' என்று கேட்பார்கள்.

செல்போன் அடித்தது. அப்பா.

"ஆத்தா, நான் கிளம்புறேன்" என்றார் சுருளிராஜன். "என் தங்கச்சி ஒண்ணும் சொல்ல மாட்டா."

"அப்பா, தட்டை உள்ள வைங்க" என்றாள் ஓவியா. "விடை வந்திருச்சு. அத்தையை அடிக்க வேணாம். யாரையும் அடிக்க வேணாம்."

"கம்ப்யூட்டர் சொல்லிருச்சா?"

"சொல்லிருச்சு." அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பி ஒச்சாண்டியைப் பார்த்தாள். "ரெண்டாம் பந்திக்குப் பச்சைச் சீட்டு. உங்க இலை பதினேழு, அவுகளுது பதினெட்டு."

அன்று இரவே அவள் ஓரத்துக் கார்டுகளை எடுத்த வரிசைக்குத் தலைகீழாக ஒவ்வொன்றாய்த் திரும்ப வைத்தாள். அத்தனை பேருக்கும் ஒரு பந்தி காலியாகத்தான் இருந்தது. சரிபார்க்க அஞ்சு நிமிஷம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முதல் பந்தி வம்பில்லாமல் முடிந்தது. இரண்டாம் பந்தியில் பதினேழாம் இலைக்கு ஒச்சாண்டி உட்கார்ந்தார். பதினெட்டுக்கு, ஒன்றும் தெரியாதவர் போலச் செல்போனைப் பார்த்துக்கொண்டே தவசி உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்து, சோறு விழுந்து, கறிக்குழம்பு வாளி வந்த பிறகுதான் பரிமாறுகிறவன் கவனித்தான். கரண்டி அந்தரத்தில் நின்றது. பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. கிளம்ப எழுந்தவர்களும் அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்களும் வாசலில் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"ஓவியா!" சுருளிராஜன் ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. "என்ன போட்டிருக்க? இவுகளையும் அவுகளையும் சேத்துப் போட்டிருக்க?"

ஓவியா சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அருண்பாண்டி தூணுக்குப் பக்கத்தில் நின்றான். நாடகம் என்று தெரிந்திருந்தும் அவனுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"தப்பாப் போச்சுப்பா" என்றாள் ஓவியா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கம்ப்யூட்டர் தப்பு. நான் போட்ட தப்புதான்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். "இதுக்குத்தான் படிக்க வச்சாகளா?" என்று ஒரு குரல் வந்தது. ஓவியாவின் காது மடல் சிவந்தது. அவள் தலையைக் குனியவில்லை.

ஒச்சாண்டி தொண்டையைச் செருமினார். "சின்னப் பிள்ளை, தெரியாமப் போட்டுருச்சு. இலை போட்டாச்சு, எந்திரிக்க முடியாது." பிறகு குழம்புக்காரனைப் பார்த்து, "ஊத்துப்பா, ஆறுது" என்றார்.

தவசி இலையைப் பார்த்தபடியே, "அந்த உப்பை இங்கிட்டுத் தள்ளு" என்றார். ஒச்சாண்டி தள்ளினார். பதிமூன்று வருஷப் பகை முடிந்தது. ஊர் மறுபடி சாப்பிடத் தொடங்கியது. எவன் முதலில் இறங்கி வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைத் திட்டுவதற்கே எல்லாருக்கும் நேரம் போதவில்லை.

மூன்றாம் பந்தியும் முடிந்து மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, மச்சு வீட்டாரோடு வந்திருந்த ஒரு பெரியவர் ஓவியாவைத் தூணோரம் கூப்பிட்டார். "ஆவணியில எங்க வீட்டுல புதுமனை புகுவிழா. பந்தி நீதான் போடணும்" என்றவர், சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் எங்க சித்தப்பா மகனுக்கும் இதே மாதிரி ஒரு தப்பு வந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவர் போன பிறகு இன்னொருவர் வந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடியைத் துடைத்தபடி ஒருவர் காத்திருந்தார். அருண்பாண்டி நோட்டில் குறித்துக்கொண்டான்.

கடைசியாக இருளம்மாள் வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓவியாவின் கலைந்த ஜடையைப் பிடித்து இழுத்துச் சரி செய்தார். "எல்லார் முன்னாலயும் பேச்சு வாங்குனியே ஆத்தா" என்றார். "உங்கப்பன் வியாழக்கிழமை என் வீட்டுக்குக் கிளம்புனது எனக்குத் தெரியும். தட்டை உள்ள கொண்டுபோயி வச்சதும் தெரியும்." ஓவியாவுக்கு இருநூறு பேர் முன்னால் வராத அழுகை அப்போது வந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் இருளம்மாள். "அந்தச் சடங்கு வீட்டுச் சீர்த்தட்டு இருக்கே, அதை நானே தூக்கிட்டுப் போயிருக்கணும். ஆள்கிட்ட குடுத்து விட்டேன். என் தப்புத்தான்."

யுவராணி தலையைத் திருப்பினார். அருண்பாண்டி நோட்டைப் புரட்டினான். அது இருளம்மாள் சொன்ன கதை இல்லை. எதிர்ப் பக்கத்தில் இருக்கிற கதை, மச்சு வீட்டு பாண்டீஸ்வரி சொன்னது.

"எப்பப் பேசுனீக அத்தை?" என்றாள் ஓவியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இப்பத்தான். கை கழுவுற இடத்துல."

"யாரு முதல்ல பேசுனது?"

"குழாயில கொஞ்ச நேரம் தண்ணி வரலை. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மண்டபத்துக்காரனைத் திட்டிட்டோம்." இருளம்மாள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாண்டீஸ்வரி அங்கே தாம்பூலப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பது போல வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். "அடுத்த விசேஷத்துல என்னையும் அவளையும் தப்பாச் சேத்துப் போட்டுரு ஆத்தா."

யுவராணி பேனாவை நீட்டினார். ஓவியா நோட்டை வாங்கி அந்தப் பகையின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தாள்.

"எந்தப் பந்தியில போடட்டும் அத்தை?"

"முதப் பந்தியில போடு" என்றார் இருளம்மாள். "மூணாம் பந்தியில வெறும் எலும்பாத்தான் வந்துச்சு."